ரத்தசோகையும் சம்பளக் கணக்கும்: ஓர் எளிய விளக்கம்

பெண்களின் உடல்நலம் நாட்டின் பொருளாதாரத்துக்கு முக்கியம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். எந்த வழியில் முக்கியம் என்று கேட்டால் பதில் மங்கிவிடுகிறது. 2024 ஜனவரியில் உலகப் பொருளாதார மன்றமும் மெக்கின்சி சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஆண், பெண் உடல்நலத்துக்கு இடையே உள்ள இடைவெளியை அடைத்தால் 2040 வாக்கில் உலகப் பொருளாதாரத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி டாலர் கூடும் என்றது அது. அனுமானத்தின் மேல் அனுமானம் அடுக்கிக் கிடைக்கும் தொகை இது. தலையாட்டலாம், கையில் பிடிக்க முடியாது. அதைவிட ஒரே ஒரு குறைபாட்டை எடுத்துக்கொண்டு, அது உடலில் எங்கே தொடங்கி சம்பளக் கவரில் எங்கே முடிகிறது என்று பார்ப்பது பயன் தரும். அதற்கு ரத்தசோகையை விடப் பொருத்தமான ஒன்று இல்லை.

2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். நாடு முழுக்க அதே வயது ஆண்களில் 25 சதவீதம். விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தில் பார்த்த கணக்கு என்பதால் இது சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் எவ்வளவு கழித்தாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அழியாது. 15 முதல் 49 என்பது வேலைக்குப் போகும் வயதும்கூட. இந்தியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் ஆம்பூருக்கும் சொந்தப் பிரச்சினை.

"ரத்தம் கம்மி" என்றால் எவ்வளவு கம்மி?

ரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைத் தசைக்குச் சுமந்து போகிறது. 1 கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 12 கிராம் இருந்தால் அது சுமக்கும் ஆக்சிஜன் 16 மில்லிலிட்டர். அதுவே 9 கிராமாக இறங்கினால் 12 மில்லிலிட்டர்தான். சுமக்கும் திறனில் கால் பங்கு போய்விட்டது.

உடல் இதை இதயத்தை வேகமாக அடிக்கவைத்து ஈடுகட்டும். உட்கார்ந்திருக்கும்போது அந்த ஈடு போதும். மாடிப்படியிலும், இடுப்பில் குடத்தோடும், ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்திலும் போதாது. எச்பி, அதாவது ஹீமோகுளோபின், மாதக்கணக்கில் மெதுவாக இறங்குவதால் உடலும் அதற்குப் பழகிக்கொள்கிறது. எச்பி 9 உள்ள பெண் படுத்துக் கிடப்பதில்லை. சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பஸ் பிடித்து வேலைக்கு வந்துவிடுகிறார். "எனக்கு என்னமோ அசதியா இருக்கு, வெயில்தான்" என்று சொல்லிக்கொள்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது: கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 11 முதல் 11.9 வரை லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமையானது. ஆணுக்குக் கோடு 13-ல் தொடங்குகிறது.

அறிகுறிகளில் மூச்சு வாங்குவது, படபடப்பு, கிறுகிறுப்பு, கை கால் ஓய்ச்சல், முடி கொட்டுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, பச்சரிசியை அள்ளி மெல்லும் ஆசை. சிலருக்குச் சாம்பல், சிலருக்கு மண், விபூதி, ஐஸ் கட்டி. கெட்ட பழக்கம் என்று வீட்டில் திட்டுவார்கள். இரும்புச்சத்து வறண்டவர்களிடம் இந்த ஆசை அடிக்கடி வருகிறது. சத்து ஏறியதும் பலருக்குத் தானாகவே போய்விடும். அரிசி தின்னும் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை செய்வது திட்டுவதைவிட நல்லது.

இரும்பு வரவு செலவு

ஏன் பெண்களுக்கே அதிகம் என்பதற்குச் சத்தில்லாத சாப்பாடு என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கணக்குப் போட்டால் வேறு படம் தெரியும்.

தோல், குடல், சிறுநீர் வழியாக யாருக்கும் தினம் சுமார் 1 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். ஆணுக்குச் செலவு அத்தோடு சரி. பெண்ணுக்கு மாதவிடாய் சேர்கிறது. சராசரியாக ஒரு மாதத்துக்கு 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம். 1 மில்லிலிட்டரில் அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இரும்பு. ஆக மாதம் 15 முதல் 20 மில்லிகிராம், நாளுக்குப் பிரித்தால் அரை மில்லிகிராமுக்கு மேல். 80 மில்லிலிட்டர் போகும் பெண்ணுக்குச் செலவு ஆணைப்போல் இரு மடங்கைத் தாண்டிவிடும். ஒரு கர்ப்பமும் பிரசவமும் கேட்கும் இரும்பு சுமார் 1000 மில்லிகிராம். பெண் உடலில் இருப்பு என்று சேர்ந்திருப்பது, நன்றாகச் சாப்பிடுபவரிடமே, 300 மில்லிகிராம் சுற்றளவில்தான். ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இரண்டு குழந்தை பெற்ற 24 வயதுப் பெண் தையல் லைனில் உட்காரும்போது அந்த இருப்பு அநேகமாகக் காலி.

வரவுப் பக்கம்? சோறு, சாம்பார், இட்லி என்று ஓடும் உணவில் உள்ள இரும்பில் உடல் உறிஞ்சுவது 5 முதல் 8 சதவீதம். அதனால்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 மில்லிகிராம் என்று பரிந்துரைத்தது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம்கூடத் தேறாது. பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தால் பெயர் வாங்கியவை. இரண்டிலும் 100 கிராமில் 1 மில்லிகிராமுக்குக் கீழேதான். கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 4 முதல் 5 மில்லிகிராம், கம்பில் 6 சொச்சம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் உண்மையிலேயே கெட்டி. சுவரொட்டி என்கிற மண்ணீரலில் இரும்பு மிக அதிகம், அதுவும் உடல் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில். ரத்தம் ஊறும் என்று பாட்டிமார்கள் சொன்னது இந்த ஒன்றில் சரி. ஆனால் கர்ப்பிணிகள் ஈரலை அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

ரேஷன் கடைகளில் தரப்பட்ட செறிவூட்டிய அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த அரிசி மணி கலந்திருக்கும். தண்ணீரில் மிதப்பதைப் பார்த்துப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிபவர்கள், சத்துள்ள மணியைத்தான் எறிகிறார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 8 முதல் 13 மில்லிகிராம் வரும். துணைக்கு உதவும், ஏற்கெனவே எச்பி 9-க்கு இறங்கியவரைத் தூக்கிவிடாது.

இது வேலையை எப்படிக் குறைக்கிறது?

ஒருவருக்கு ரத்தம் ஏறினால் வேலை கூடுமா என்பதை நேரில் அளப்பது கடினம். பெரும்பாலான வேலைகளில் ஒருவர் தனியாக எவ்வளவு செய்தார் என்ற கணக்கே இருக்காது. தேயிலைத் தோட்டத்தில் அது இருக்கிறது. கொழுந்து பறித்த கூடையைத் தினமும் நிறுத்துப் பெயருக்கு நேரே எழுதுகிறார்கள். 1970-களில் இலங்கைத் தோட்டங்களில் ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். முதலில், எச்பி 6 சொச்சம் முதல் 15 சொச்சம் வரை இருந்த தோட்டத் தொழிலாளப் பெண்களை ஓடுபாதை இயந்திரத்தில் நடக்கவைத்தார்கள். சாய்வும் வேகமும் ஏற ஏற, எச்பி குறைந்தவர்கள் முதலில் நின்றார்கள். அதே வேலைக்கு அவர்களுடைய இதயத் துடிப்பும் அதிகமாக இருந்தது. அடுத்து, ஒரு பிரிவுக்கு இரும்பு மாத்திரையும் இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துக் கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் எச்பி ஏறியவர்கள் பறித்த கொழுந்து கூடியிருந்தது. 6 முதல் 9 கிராம் வரை இருந்தவர்களிடம் முன்னேற்றம் அதிகம். வேலை முடிந்த பிறகான நடமாட்டமும் கூடியது. 1979-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

இயந்திரம் வேகத்தை முடிவுசெய்யும் இடத்தில் என்ன ஆகும்? 1994-ல் வெளிவந்த பெய்ஜிங் பஞ்சாலை ஆய்வு அதைப் பார்த்தது. இரும்புக் குறைபாடுள்ள பெண் தொழிலாளர்களுக்கு 12 வாரம் மாத்திரை கொடுத்தபின், அதே வேலையைச் செய்யும்போது இதயத் துடிப்பு குறைந்தது. அதே உற்பத்திக்கு உடல் செலவிட்ட சக்தியும் குறைந்தது. நம் நூற்பாலைகளில் சைடு பார்க்கும், அதாவது நூற்கும் இயந்திர வரிசையைக் கவனிக்கும் பெண்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். ரிங் பிரேம் என்கிற அந்த இயந்திரம் யாருக்காகவும் மெதுவாகச் சுற்றாது. இழை அறுந்தால் போய் ஒட்டியே ஆக வேண்டும், ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே. எச்பி 9-ல் இருப்பவரும் 12-ல் இருப்பவரும் ஒரே எண்ணிக்கைக் கதிரைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் இதயத்தை மிகையாக ஓட்டி அதைச் செய்கிறார். மேலாளரின் ஏட்டில் இருவரும் சமம். வித்தியாசம் தெரிவது ஹாஸ்டலிலோ வீட்டிலோ, மாலையில்.

இந்த மாதிரி ஆய்வுகளைக் கோத்துத்தான் 2003-ல் சூசன் ஹோர்ட்டன், ஜே ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு செய்தார்கள். உடலுழைப்பு வேலையில் ரத்தசோகையால் உற்பத்தி 5 சதவீதம் குறைகிறது, மூட்டை தூக்குவது, வெட்டுவது போன்ற கடும் உழைப்பில் மேலும் 12 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டு பத்து வளரும் நாடுகளுக்குக் கணக்குப் போட்டார்கள். குழந்தைப் பருவ இரும்புக் குறைபாடு மூளை வளர்ச்சியைப் பாதித்துப் பிற்கால வருமானத்தைக் குறைப்பதையும் சேர்த்தபோது, இழப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 4 சதவீதம் வந்தது. இந்த 5-ம் 12-ம் ஒருசில ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள். எந்த ஆலைக்கும் அப்படியே பொருந்தும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

நஷ்டம் யார் தலையில்?

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், நாளுக்கு 500 ரூபாய் எடுக்கும் ஒரு தையல்காரரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் குறைந்தால் நாளுக்கு 25 ரூபாய், 26 நாளுக்கு 650 ரூபாய். இது முழுக்க அவர் நஷ்டம். கம்பெனிக்குக் குறைந்த பீஸுக்குக் குறைந்த கூலி. ஷிப்ட் சம்பளத்தில் இருப்பவர் என்றால் அந்த 5 சதவீதம் கம்பெனியின் நஷ்டம். ஆனால் அது "லைன் ஸ்லோ", "ஆல்டர் பீஸ் (திருத்தத் திரும்பும் உருப்படி) ஜாஸ்தி" என்ற பெயரில்தான் ஏட்டில் வரும். ரத்தசோகை என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தலைப்பு கிடையாது.

லீவு விஷயம் இன்னும் சிக்கல். ரத்தசோகை ஒருவரை 15 நாள் படுக்கவைப்பதில்லை. மாதவிடாய் நாளில் ஒரு நாள், காய்ச்சல் வந்து போன பின் ஒரு நாள் என்று உதிரியாக எடுக்கவைக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கான இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஒற்றை நாள் லீவுக்கு ஆக அங்கே ஒன்றும் தேறாது. இங்கே அன்றைய கூலி போகும். அட்டெண்டன்ஸ் போனஸ் இருக்கும் ஆலையில் ஒரு நாள் லீவுக்கு அதுவும் போகும். அதனால் பெண்கள் லீவு போடாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார்கள். மாதவிடாய் வலிக்கு, பெயர்கூட இல்லாத மாத்திரைகளைத் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் கொடுத்து வேலை வாங்குகிறார்கள் என்று 2019-ல் ஒரு செய்தி நிறுவனம் விசாரித்து வெளியிட்டது நினைவிருக்கலாம்.

இதன் கொடூரமான எல்லையை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் பார்த்தோம். அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதவிடாய்த் தொல்லையும் வெள்ளைப்படுதலும் வேலையைக் கெடுக்கின்றன என்று இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம் என்பது 2019-ல் வெளியே வந்து, மாநில அரசு விசாரணைக் குழு போட்டது.

கடைசியாக வீடு. 2019-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஆலையில் எட்டு மணி நேரம், வீட்டில் ஐந்து மணி நேரம். சம்பளம் உள்ள வேலையைக் காப்பாற்ற, அசதியைச் சம்பளமில்லாத ஐந்து மணி நேரத்துக்குத் தள்ளுகிறார்கள். அங்கேயும் முடியாமல் போகும்போது விடுவது ஆலை வேலையைத்தான். "உடம்பு முடியல, நின்னுட்டேன்" என்பார்கள். கம்பெனி அடுத்த ஆளைப் பழக்குவதற்கு ஆகும் செலவை ஆள் பற்றாக்குறை என்று எழுதிக்கொள்ளும். நஷ்டம் இப்படித் தொழிலாளி, முதலாளி, வீடு, பிறக்கப் போகும் பிள்ளை என்று துண்டு துண்டாகப் பிரிந்துவிடுவதால், யாருக்கும் அதைச் சரிசெய்யும் அவசரம் வருவதில்லை.

மாத்திரை சும்மா கிடைக்கிறது. பிறகு ஏன் ரத்தம் ஏறுவதில்லை?

2018-ல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை, 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை. இரண்டிலும் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். வாரம் ஒன்று என்பது வராமல் தடுக்கும் அளவு. வந்துவிட்டவருக்கு அது போதாது, மருத்துவர் சொல்லும் சிகிச்சை அளவு வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் "மாத்திரை போட்டுட்டுதான் இருக்கேன்" என்று சொல்பவர்கள் நிறைய.

மருந்துக் கடையில் வாங்கினால் அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் என்றால் அதில் தனி இரும்பு 65 மில்லிகிராம்தான். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு, குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்கு. விலையுயர்ந்த சிவப்பு டானிக்குகள் பலவற்றில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு தனி இரும்பு என்று படித்துப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

அடுத்து டீ. உணவோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சுவது பாதிக்கும் கீழே போய்விடும் என்பது 1975-லேயே தென்னாப்பிரிக்காவின் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் அளந்து பார்த்த விஷயம். காபியும் குறைக்கும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் டீ, காபி, பால் வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு வீண். கர்ப்பிணிகள் இரண்டையும் ஒரே கையில் கொட்டி விழுங்குவது அன்றாடக் காட்சி. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு என்று தினமும் அமிலக் குறைப்பு மாத்திரை போடுபவர்களுக்கும் இரும்பு சரியாக ஏறாது. கூட்டித் தருவது வைட்டமின் சி: பாதி நெல்லிக்காய், ஒரு கொய்யா, அடுப்பை விட்டு இறக்கியபின் பிழிந்த எலுமிச்சை.

வயிற்றைப் பிரட்டுவது, மலச்சிக்கல், கறுத்த மலம் ஆகியவை வரும். கறுத்த மலம் இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். பிரட்டினால் இரவு சாப்பிட்டபின் போடலாம்; உறிஞ்சுவது கொஞ்சம் குறைந்தாலும், அட்டையோடு அலமாரியில் கிடப்பதற்கு இது மேல். தினம் போட முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற சுரப்பு ஏறி அடுத்த 24 மணி நேரம் குடலின் வாசலைச் சாத்திவிடுகிறது. ஒருநாள் விட்டுப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் ஏறும் பங்கு கூடுகிறது. சூரிச்சில் நடந்த ஆய்வு 2017-ல் இதைக் காட்டியது. கர்ப்பிணிகள் இதைத் தாமாக முடிவுசெய்யக் கூடாது.

நான்கு வாரத்தில் எச்பி குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். 12-ஐத் தொட்டதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அந்த நேரத்தில் இருப்பு இன்னும் காலி. மேலும் மூன்று மாதம் போட்டால்தான் நிரம்பும். நிறுத்தியவர்கள் ஆறாவது மாதம் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

ஏறவே இல்லை என்றால்? முதலில் மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா, டீயோடு போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கசிவு: அதிக மாதப்போக்கு, மூலம், குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. கழிப்பிடமும் செருப்பும் இல்லாத இடங்களில் புழு இன்னும் உண்டு, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை போதும். அதற்கும் பிறகு நோயே வேறாக இருக்கலாம். முழு ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்சிவி என்று ஓர் எண் இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு. அது 100-க்கு மேல் என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவைப் பார்க்க வேண்டும். சுத்த சைவர்களிடம் இது சகஜம். 80-க்குக் கீழே, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை மட்டும் தாராளமாக இருந்தால் தலசீமியாக் கூறு என்ற பரம்பரை ரத்தக் குறை இருக்கலாம். அவர்களுக்கு இரும்புக் குறைபாடும் இருந்தாலொழிய மாத்திரையால் பயனில்லை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயையும் நினைவில் வைக்க வேண்டும்.

டிரிப்ஸ் பற்றி: அசதி என்று போனால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அதில் இரும்பு இல்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீருக்குப் பல நூறு ரூபாய். இரும்பை ஊசி வழியாக ஏற்றுவது வேறு சிகிச்சை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் அயர்ன் சுக்ரோஸ் போன்ற மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றுவார்கள். தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இது செலவில்லாமல் கிடைக்கிறது.

அதிக மாதப்போக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டியை நிரப்புவது போலத்தான் அதைக் கவனிக்காமல் மாத்திரை கொடுப்பது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, கட்டி கட்டியாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீள்வது எல்லாம் மருத்துவரிடம் போக வேண்டிய அளவு. "எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்பதற்கு அர்த்தம், வீட்டில் எல்லோருக்கும் சிகிச்சை தேவை என்பது. நார்த்திசுக் கட்டி, தைராய்டு, காப்பர்-டி என்று காரணங்கள் பல. போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையமும் இருக்கின்றன. கர்ப்பப்பையை எடுப்பது இவற்றையெல்லாம் பார்த்தபின் வரும் கடைசிப் படி.

ஆலையில் செய்யக்கூடியது

ஆலைகளில் முகாம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பேனர் கட்டி, விரலில் குத்தி, எச்பி எழுதி, பத்து மாத்திரை கொடுத்து, போட்டோ எடுத்து முடிப்பார்கள். குத்தும் முறையிலேயே தப்பு நடக்கிறது. வரிசை நீளம் என்று அவசரத்தில் மேலோட்டமாகக் குத்திவிட்டு, ரத்தம் வராததால் விரலைப் பிழிவார்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து எச்பி குறைத்துக் காட்டும். கை சில்லிட்டிருந்தாலும் ரத்தம் சரியாக வராது. கையை வெதுவெதுப்பாக்கி, நடுவிரலிலோ மோதிர விரலிலோ நுனியின் பக்கவாட்டில் ஆழமாக ஒரே குத்து, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது என்று செய்தால் பிழை குறையும். விரலில் 11-க்குக் கீழே வந்தவர்களுக்குக் கையில் ரத்தம் எடுத்து முழுப் பரிசோதனை.

முடிவுத் தாள் அந்தப் பெண்ணிடம் மட்டும் போக வேண்டும். நிர்வாகத்துக்கு மொத்த எண்ணிக்கை போதும். யாருக்கு எச்பி குறைவு என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அடுத்த முகாமுக்கு யாரும் வர மாட்டார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிகள் நிச்சயம் வர மாட்டார்கள்.

மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேன்டீனிலேயே கொடுத்து, தண்ணீரோடு அங்கேயே போடவைப்பது வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதைவிட நன்றாக வேலை செய்கிறது. டீ நேரம் சாப்பாட்டை ஒட்டி வந்தால் அதை இரண்டு மணி நேரம் தள்ள வேண்டும். செலவே இல்லாத மாற்றம். கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டிய ஆலைகளில், அதிகப் போக்கு உள்ள பெண் பேட் மாற்றுவதற்குப் பயந்தே அந்த நாட்களில் லீவு போடுவார். டோக்கனை எடுத்துவிட்டு, குப்பைக் கூடையும் தண்ணீரும் வைத்தால் லீவு குறையும். தண்ணீர் குடிக்காமலே இருந்து சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்வதும் குறையும்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க முதல் நாளும் 12 வாரம் கழித்தும் எச்பி, இடையில் ஒற்றை நாள் லீவுகள், ஆல்டர் பீஸ் எண்ணிக்கை என மூன்றும் போதும். ஒரு எச்சரிக்கை: ரத்தம் ஏறியதும் டார்கெட்டை ஏற்றிவிடக் கூடாது. அப்படிச் செய்த இடத்தில் மாத்திரை நேராகக் குப்பைக் கூடைக்குப் போகும், அதில் பெண்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் ஊர் திரும்பும் வெளிமாநிலப் பெண்களுக்குச் சிகிச்சை பாதியில் நிற்கும். முதல் எச்பி, தேதி, மாத்திரையின் பெயர், அளவு, நிறுத்த வேண்டிய மாதம் ஆகிய ஐந்தையும் அவர்கள் மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் கையில் கொடுத்தனுப்பலாம்.

எச்பி 8-க்குக் கீழே இருந்தாலும், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் முகாம் மாத்திரைக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தசோகை வந்தால் அதையும் சத்துக்குறைவு என்று விட்டுவிடக் கூடாது. ரத்தம் போக வழியில்லாத உடலில் இரும்பு குறைகிறது என்றால் வயிற்றிலோ குடலிலோ கசிவு இருக்கலாம். புண்ணா, கட்டியா என்று உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மாத்திரையைத் தொடர வேண்டும்.